தொழிலாளியின் ஓட்டு ஏன் இடம் மாறுகிறது? விளவங்கோட்டிலிருந்து ஓர் எளிய விளக்கம்

1996 சட்டமன்றத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சிக்குத் தமிழ்நாடு முழுக்கக் கிடைத்தது ஒரே ஒரு இடம். அது கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய எங்கள் விளவங்கோடு. அந்த முறை தி.மு.க.வும் துணைக்கு இல்லை, அ.தி.மு.க.வும் இல்லை. 2001-இலும் 2006-இலும் தொகுதி அவர்களிடமே இருந்தது. 2016-இல் காங்கிரஸ் முதலிடம், பா.ஜ.க. இரண்டாமிடம், மார்க்சிஸ்ட் மூன்றாமிடம்.

இடையில் விளவங்கோட்டில் தொழிலாளிகள் குறைந்துவிட்டார்களா என்றால், இல்லை. பால்வெட்டுக்காரர்கள் இன்றும் விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போகிறார்கள். கொத்தனும் கையாளும் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆட்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள், அவர்களுடைய ஓட்டுதான் நகர்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டிலும் நகர்ந்தது. அம்மா 22 வருடம் அண்டி ஆபீஸில் இருந்தவள். முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் தோலைப் பொள்ளவைத்துவிடும், அதற்காகக் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். பூசியும் விரல்கள் கறுத்துத்தான் கிடக்கும். அவள் வேலை பார்த்த ஆலை பல வருடம் பி.எஃப். பணத்தைக் கூலியில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தது. சங்கத்துத் தோழர் ஒருவர் அம்மாவையும் இன்னும் பத்துப் பதினைந்து பெண்களையும் நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு ஏழு தடவை அலைந்து, கடைசியில் அதைச் சரிசெய்து கொடுத்தார். அந்த நாட்களில் அம்மா தேர்தல் தோறும் அரிவாள் சுத்தியல் நட்சத்திரத்துக்குத்தான் போடுவாள். 2016-இல் போடவில்லை.

ஏன் என்று கேட்டேன். “அந்தத் தோழரு நல்ல மனுசன் மக்கா. அவருக்குப் பெறவு இஞ்ச ஆரு வந்தா?” என்றாள்.

இந்த விஷயத்தைப் பற்றி உலகம் முழுக்க எழுதிக் குவித்திருக்கிறார்கள். நான் படித்தவரையில், அம்மாவின் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் பாதி பதில் இருக்கிறது. முதலில் இருந்து சொல்கிறேன்.

வர்க்க வாக்கு என்றால் என்ன?

செய்யும் வேலையையும் வருமானத்தையும் வைத்து ஒருவர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று ஓரளவு சொல்ல முடிந்தால், அதை வர்க்க வாக்கு என்கிறார்கள். அந்தத் தொடர்பு தளர்ந்துகொண்டே போவதற்கு வர்க்க விலகல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். உழைப்பவர்களின் பக்கம் நிற்பதாகச் சொல்லி வளர்ந்த கட்சிகளைத்தான் இங்கே முற்போக்குக் கட்சிகள் என்கிறேன். பிரிட்டனில் தொழிற்கட்சி, பிரான்சில் சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும், அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி, இந்தியாவில் இடதுசாரிகள். திராவிடக் கட்சிகளும் தங்களை முற்போக்கு என்றே சொல்கின்றன. அது தனிக் கணக்கு, பிறகு வருகிறேன்.

இதை அளக்க ராபர்ட் ஆல்ஃபோர்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1960-களில் ஒரு சுலபமான வழி சொன்னார். உடல் உழைப்புச் செய்பவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இடதுசாரிக் கட்சிக்குப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மற்ற வேலைக்காரர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் என்றும் பார்க்க வேண்டும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் போதும். ஒரு பேச்சுக்கு, கூலி வேலை செய்பவர்களில் 60 பேர், ஆபீஸ் வேலைக்காரர்களில் 20 பேர் என்றால் விடை 40. எண் பெரிதாக இருந்தால் வர்க்கம் ஓட்டைத் தீர்மானிக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால், ஒருவர் செய்யும் வேலையை வைத்து அவர் ஓட்டைச் சொல்லவே முடியாது.

பிரிட்டனில் அந்தக் காலத்தில் இந்த எண் 40-ஐ ஒட்டி இருந்தது. 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில், உடல் உழைப்புப் பிரிவினரிடமே தொழிற்கட்சியைவிட கன்சர்வேட்டிவ் கட்சிக்கு அதிக ஓட்டு விழுந்தது. டோனி பிளேர் 24 வருடம் எம்.பி.யாக இருந்த செட்ஜ்ஃபீல்டு, சுரங்கத் தொழிலாளர் நிறைந்த பழைய தொகுதி, அதுவும் கை மாறியது.

விலகுவது என்றால் எதிர்க்கட்சிக்குத் தாவுவது என்று மட்டும் நினைக்கக்கூடாது. பலர் முதலில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 2001-இல் பிரிட்டனில் வாக்குப்பதிவு 59 சதவீதமாக விழுந்தது. தொழிற்கட்சி பெரிய வெற்றி பெற்ற தேர்தல் அது, அதனால் அந்த எண்ணைப் பார்த்து யாரும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அப்புறம், அப்பா அம்மா போட்ட கட்சிக்குப் பிள்ளைகள் ஒருமுறைகூடப் போடாமல் போவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும், உள்ளே காரணம் வேறு வேறு.

கூலிக்காரர் எல்லாம் ஓரணி என்று யார் சொன்னது?

தொழிலாளி என்றால் தொழிலாளர் கட்சிக்குத்தான் போட வேண்டும், போடாவிட்டால் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பேச்சில் துளியும் உடன்பாடு இல்லை. ஒருவருக்குக் கூலி மட்டுமே அடையாளம் இல்லை. மொழி உண்டு, மதம் உண்டு, சாதி உண்டு, ஊர் உண்டு. இவற்றில் எது முன்னால் வந்து நிற்கும் என்பது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது. இதைப் புரிந்துகொள்ள குமரிக்காரர்கள் லண்டன் வரைக்கும் போக வேண்டாம்.

1954 ஆகஸ்ட் 11. இந்தப் பகுதி அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக்கொண்டிருந்தது. புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. சுட்ட போலீஸ் எந்த அரசின் கீழ் இருந்தது? பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான பிரஜா சோஷலிஸ்ட் அரசு. ஏழைகளின் பேரைச் சொல்லி வந்த கட்சி. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, சொந்தக் கட்சியின் அரசே ராஜினாமா செய்ய வேண்டும் என்று கேட்டார். நடக்கவில்லை, கட்சிதான் உடைந்தது. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அந்தத் தலைமுறையின் பனையேறிக்கும் நெசவாளிக்கும் சோஷலிஸ்ட் என்ற சொல் துப்பாக்கிச் சூட்டை ஞாபகப்படுத்தியது என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

அடுத்தது 1982 மார்ச், மண்டைக்காடு. இந்து-கிறிஸ்தவக் கலவரம் அங்கே தொடங்கிக் கடலோரம் முழுக்கப் பரவியது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. குன்றக்குடி அடிகளார் ஊர் ஊராக வந்து அமைதி பேசினார். இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஏழைகள், கடலை நம்பியவர்களும் கூலியை நம்பியவர்களும். அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் ஓட்டு பிரியும் கோடு வேறாகிவிட்டது. 1996-இல் மார்க்சிஸ்டுகளின் ஒரே இடத்தைக் கொடுத்த அதே குமரி மாவட்டம்தான், பத்மநாபபுரத்தில் பா.ஜ.க.வுக்குத் தமிழ்நாட்டின் முதல் எம்.எல்.ஏ.வையும் கொடுத்தது. ஒரே தேர்தல், ஒரே மாவட்டம்.

அரசியலறிஞர் ஆடம் ஷெவோர்ஸ்கி 1980-களில் இன்னொரு சிக்கலைக் காட்டினார். ஆலைத் தொழிலாளர்கள் எந்த நாட்டிலும் வாக்காளர்களில் உறுதியான பெரும்பான்மையாக ஆகவில்லை. அதனால் தொழிலாளர் கட்சி ஜெயிக்க வேண்டுமானால் கடைக்காரர், ஆசிரியர், விவசாயி என்று மற்றவர்களையும் சேர்க்க வேண்டும். அவர்களைச் சேர்க்க, ‘தொழிலாளி’ என்று பேசுவதைக் குறைத்து ‘மக்கள்’ என்று பேச வேண்டும். அப்படிப் பேசப் பேச, தொழிலாளிக்கு இது என் கட்சி என்ற நினைப்பு மங்கும். மங்கிய இடத்தில் மதமும் மொழியும் ஊரும் வந்து உட்காரும். தொழிலாளர்களை மட்டும் வைத்துக்கொண்டால் தோற்கும், மற்றவர்களையும் சேர்த்தால் தொழிலாளர்கள் தளர்வார்கள். யாருடைய துரோகமும் இல்லாமல், கணக்கே அப்படி அமைந்துவிட்ட சங்கடம் இது.

ஆலை மூடுகிறது, ஓட்டு பிறகு போகிறது

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்று ஓர் எஃகு நகரம். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, அங்கே பெரிய உருக்காலை ஒன்றை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. அந்த நாளுக்குக் கறுப்புத் திங்கள் என்று பெயர். அந்த ஊர் இருக்கும் மஹோனிங் மாவட்டம் 1972-க்குப் பிறகு அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு முதலிடம் கொடுத்தது எப்போது தெரியுமா? 2020-இல். ஆலை போய் 43 வருடம் கழித்து.

பிரிட்டனிலும் இதே இடைவெளி. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 1984-85-இல் தோற்றது, அதன்பின் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. அந்த ஊர்களில் பல 2019-இல்தான் கட்சி மாறின.

இந்த இடைவெளியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். வேலை போன மறுநாளே யாரும் கட்சி மாறுவதில்லை. ஆலை இருந்த காலத்தில் அதைச் சுற்றி ஒரு வாழ்க்கை இருந்தது. சங்கக் கட்டிடம், மாதச் சந்தா, படிப்பகம், டீக்கடை பெஞ்சில் கிடக்கும் கட்சிப் பத்திரிகை, கூடவே பி.எஃப். ஆபீஸ் வரை வருகிற ஒருவர். எந்தக் கட்சி நம் கட்சி என்பதை ஒருவர் அங்கேதான் கற்றுக்கொள்கிறார். ஆலை மூடினால் முதலில் சங்கம் சுருங்கும். பழைய ஆட்கள் ஞாபகத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் வீட்டுப் பழக்கத்தில் போடுவார்கள். பேரப்பிள்ளைக்கு அந்த ஞாபகமும் இருக்காது, பழக்கமும் இருக்காது. அமெரிக்காவில் 1950-களில் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சங்க உறுப்பினர், இப்போது பத்தில் ஒருவர்தான்.

இனி எங்கள் அண்டி ஆபீஸ் கதைக்கு வருகிறேன். முந்திரித் தொழிலுக்குக் கொல்லம்தான் தலைநகரம். கேரளத்தில் சங்கங்கள் வலுத்து, குறைந்தபட்சக் கூலி கட்டாயமானபோது, முதலாளிகள் பலர் ஆலைகளை எல்லை தாண்டிக் குமரி மாவட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே கூலி குறைவு. எங்கள் பெண்களுக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். இங்கேயும் சங்கம் வந்தது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்புறம் வியட்நாம் வந்தது. இயந்திரத்தில் உடைத்து, 2006 வாக்கில் ஏற்றுமதியில் இந்தியாவைத் தாண்டிவிட்டது. நம் பக்கம் ஆலைகள் வாரத்துக்கு மூன்று நாள் ஓடின, பிறகு பல மூடின. சங்கம் ஜெயித்த இடத்திலிருந்து வேலை ஓடிப்போகும் என்றால், அடுத்த ஊர்ச் சங்கம் என்ன செய்யும்? இது இடதுசாரிகளின் சோம்பேறித்தனத்தால் வந்தது இல்லை. ஒரு தாலுகாச் சங்கத்தின் கை எட்டாத இடத்தில் முதலாளியின் முடிவு நடக்கிறது. ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த விளக்கத்தால் அரிசி வராது.

ஆலை மூடிய பிறகு அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? சிலர் நூறு நாள் வேலைக்கு, சிலர் ஜவுளிக்கடைக்கு, சிலர் வீட்டு வேலைக்கு. 300 பேர் ஒரே கூரையின் கீழ் இருந்த இடத்தில், இப்போது ஆளுக்கொரு முதலாளி, ஆளுக்கொரு நேரம். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அரை மணி நேரம் போய்விட்டது. சந்தா பிரிக்க ஒருவர் வர வேண்டுமானால் 300 வீடு ஏற வேண்டும். இந்தியாவில் பத்தில் ஒன்பது தொழிலாளர்கள் இப்படிச் சிதறிக்கிடக்கும் அமைப்புசாராத் தொழிலாளர்கள்தான்.

ஆண்பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனார்கள். இதை ஓட்டுக் கணக்கில் பலர் சேர்ப்பதே இல்லை. சவூதியிலும் அமீரகத்திலும் தொழிற்சங்கம் வைக்க முடியாது. அங்கிருந்து ஓட்டும் போட முடியாது, நேரில் பூத்துக்கு வந்தால்தான் உண்டு. ஆக, ஒருவர் தன் வாழ்நாளில் மிகக் கடினமாக உழைக்கும் இருபது வருடம் அவர் தொழிலாளியாக இந்த ஊரிலும் இல்லை, சங்கத்திலும் இல்லை, வாக்காளர் வரிசையிலும் இல்லை. திரும்பி வரும்போது வீடு கட்டியவராக வருகிறார். அவர் கவலை விசா, வங்கிக் கடன், பிள்ளையின் இன்ஜினியரிங் ஃபீஸ். அவரைப் பார்த்து ‘தொழிலாளர் தோழரே’ என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

சரி, சங்கம் இருந்த இடம் காலியாகவா கிடக்கிறது? இல்லை. அம்மாவுக்கு சபையில் பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கிறது, சுய உதவிக் குழு இருக்கிறது. பக்கத்து வளவில் கோயில் கமிட்டி இருக்கிறது, சமுதாயச் சங்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமானால் வண்டி கொண்டுவருவது அங்கிருந்துதான். கடலோரத்தில் இது இன்னும் தெளிவு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்துக் கடலுக்குப் போனவர்கள் திரும்பாதபோது, டிசம்பர் 7-இல் ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்கள் நடந்துவந்து குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார்கள். அந்த மாபெரும் கூட்டத்தைத் திரட்டியதில் முன்னால் நின்றது பங்கு, அதாவது ஊர்த் தேவாலயச் சபை, அதன் பங்குத்தந்தைகள். உழைப்பவர்களின் போராட்டம்தான் அது, அரசைக் கேள்வி கேட்ட போராட்டம். அதை நடத்த அவர்கள் கையில் இருந்த அமைப்பு ஊர்க்கோயில். யார் நம்மோடு ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களோ அவர்கள் பேச்சு தேர்தலிலும் எடுபடும்.

கட்சியும் மாறியது

ஊர் மாறியதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தோமா பிக்கெட்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் 21 மேற்கத்திய ஜனநாயக நாடுகளில் 1948 முதல் 2020 வரையிலான தேர்தல் கணக்கெடுப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 1950-களில் இடதுசாரிக் கட்சிகளுக்குப் போட்டவர்கள் குறைந்த வருமானம், குறைந்த படிப்பு உள்ளவர்கள். இப்போது வருமானம் அதிகமானவர்கள் பெரும்பாலும் வலதுசாரிப் பக்கமே இருக்கிறார்கள். ஆனால் படிப்பு அதிகமானவர்கள் இடதுசாரிப் பக்கம் வந்துவிட்டார்கள். ஒரு பக்கம் படித்த மேல்தட்டு, மறுபக்கம் பணக்கார மேல்தட்டு. இதற்கு அவர் வைத்த பெயர் ‘பிராமண இடது, வணிக வலது’. வர்ண முறையிலிருந்து எடுத்த உவமை. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு வேறு அர்த்தமெல்லாம் தோன்றும், அவர் சொல்வது கல்வியை மூலதனமாக வைத்திருப்பவர்களை.

இந்த மாற்றம் ஏன் பெரிது? கட்சிக்குள் பேசுகிற மொழி மாறிவிடும். சுரங்கத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் வந்தவர்கள் தொழிற்கட்சி எம்.பி.க்களாக ஏராளமாக இருந்த காலம் ஒன்று உண்டு, இன்று அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் வாடகை கட்ட முடியாதவரின் அவசரம் அவர்கள் உடம்பில் இல்லை. பொருளாதாரக் கொள்கையிலும் கட்சிகள் எதிர்த்தரப்புக்குப் பக்கத்தில் போயின. அமெரிக்காவில் மெக்சிகோ, கனடாவோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1994-இல் நடைமுறைக்கு வந்தபோது ஆட்சியில் இருந்தது கிளின்டனின் ஜனநாயகக் கட்சி. பிரான்சில் மித்தெரான் சோஷலிஸ்டாக 1981-இல் ஜெயித்து, 1983-இல் சிக்கன நடவடிக்கைக்குத் திரும்பினார். கூலி விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் வித்தியாசம் இல்லை என்று தோன்றிவிட்டால், வித்தியாசம் இருக்கும் வேறு விஷயங்களைப் பார்த்துத்தான் ஜனங்கள் ஓட்டுப் போடுவார்கள்.

நம் நாட்டில் இதற்கு நந்திகிராமைவிட வலிக்கும் உதாரணம் எனக்குத் தெரியாது. மேற்கு வங்கத்தில் குத்தகை விவசாயிகளின் உரிமையைப் பதிவுசெய்து கொடுத்து வேர் பிடித்த இடதுசாரி அரசு, தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும் விவகாரத்தில் 2007 மார்ச் 14-இல் அதே விவசாயிகள் மீது போலீஸை அனுப்பியது. 14 பேர் செத்தார்கள். 34 வருட ஆட்சி 2011-இல் முடிந்தது. 2021 சட்டமன்றத்தில் இடதுசாரிகளுக்கு ஓரிடம்கூட இல்லை. 1954 புதுக்கடையை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், ஆட்சியில் இருக்கும்போது செய்த ஒரு காரியம் எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்று புரியும்.

வயிறா, மனசா?

இதைப் படிக்கப் போனால் ஒரு பெரிய சண்டையைப் பார்க்கலாம். வேலையும் கூலியும் போனதால்தான் விலகினார்கள் என்று ஒரு தரப்பு. குடியேற்றம், மதம், குடும்பம், தேசம் பற்றிய கருத்து வேறுபாட்டால் விலகினார்கள் என்று இன்னொரு தரப்பு. ரொனால்ட் இங்கிள்ஹார்ட் என்பவர் 1970-களிலேயே சொன்னார்: வயிற்றுப்பாடு தீர்ந்து வளர்ந்த தலைமுறை சுற்றுச்சூழல், தனிமனித உரிமை போன்றவற்றை முன்னால் வைக்கும். கட்சிகள் அவர்களைப் பின்தொடர்ந்தன. வயிற்றுப்பாடு தீராதவர்களுக்கு அந்தப் பேச்சு தங்களுக்கானது இல்லை என்று தோன்றியது.

இரண்டையும் வெட்டிப் பிரிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஒக்கியில் மகனை இழந்த தாய் கேட்டது நிவாரணப் பணமா, மரியாதையா? இரண்டும்தான். இங்கே பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா இதை நன்றாக அறிந்திருந்தார் என்பது என் எண்ணம். தொழிலாளர் கூட்டத்தில் கூலியையும் பேசுவார், கம்பனையும் பாரதியையும் பேசுவார். 1961-இல் கலை இலக்கியப் பெருமன்றத்தைத் தொடங்கியவர் அவர். உழைப்பவனுக்கு மொழியும் பாட்டும் சொந்தம் என்று அவர் நினைத்தார். அந்தத் தரத்தில் ஊருக்குள் வந்து பேச ஆள் இல்லாமல் போனது ஒரு கட்சியின் கலைப்பிரிவுக்கு நேர்ந்த குறை மட்டும் இல்லை, ஓட்டிலும் அது தெரியும்.

சில எச்சரிக்கைகள்

முதன்முதலாக இதைப் படிப்பவர்கள் சிலவற்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ‘தொழிலாளி வர்க்கம் விலகிவிட்டது’ என்று எழுதும்போது பெரும்பாலும் கல்லூரிப் படிப்பு இல்லாத வெள்ளையர்களைத்தான் சொல்கிறார்கள். கறுப்பினத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சியோடுதான் இருந்துவந்தார்கள்.

இந்தியாவுக்கு அந்தப் படத்தை அப்படியே ஒட்ட முடியாது. பிக்கெட்டியின் குழு இந்தியாவையும் பார்த்தது, இங்கே சாதியும் மதமும்தான் வருமானத்தைவிட ஓட்டை அதிகம் விளக்குகின்றன என்று கண்டது. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி, சத்துணவு, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் என்று உழைப்பவர்களுக்குக் கையில் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் காங்கிரஸ், திராவிடக் கட்சிகளின் ஆட்சியில் வந்தவை. அதனால் இங்கே தொழிலாளர் ஓட்டு முழுக்க இடதுசாரிகளிடம் இருந்து பிறகு போனது என்று சொல்வதே தப்பு. ஒரு சில பகுதிகளில் இருந்தது, விளவங்கோடும் திருவட்டாறும் அதில் சேரும்.

கூட்டணியையும் மறக்கக்கூடாது. 2004-இல் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் ஜெயித்தார், பின்னால் தி.மு.க.வும் காங்கிரஸும் இருந்தன. அந்த ஓட்டில் எத்தனை வர்க்க ஓட்டு என்று பிரித்தெடுக்க வழி இல்லை. 2016-இல் தி.மு.க., அ.தி.மு.க., காங்கிரஸ் எதுவும் உடன் இல்லை. தொகுதி எல்லைகளும் நடுவில் மாறின, திருவட்டாறு தொகுதியே இல்லாமல் போனது. ஆகவே நான் முதலில் சொன்ன மூன்றாமிடத்தை முழுக்க வர்க்க விலகல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1996-இல் பெரிய துணை இல்லாமலே ஜெயித்தவர்கள் 2016-இல் அப்படி ஜெயிக்க முடியவில்லை என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்துக் கேரளத்தையும் பாருங்கள். அதே முந்திரி, அதே ரப்பர், அதே வளைகுடா. அங்கே இடதுசாரிகள் 2021-இல் தொடர்ந்து இரண்டாம் முறை ஆட்சிக்கு வந்தார்கள். படிப்பகமும் கூட்டுறவு வங்கியும் கிராமம் வரைக்கும் இறங்கிய கட்சிக் கிளையும் அங்கே ஓரளவுக்கு மிஞ்சியிருக்கின்றன. களியக்காவிளை சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள வித்தியாசத்தை வேலையையும் கூலியையும் மட்டும் வைத்து விளக்க முடியாது.

அம்மாவுக்கு இப்போது பி.எஃப். பென்ஷன் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அந்தத் தோழர் ஏழு தடவை அலைந்ததால் வருகிற பணம். வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் நின்றுவிடும். போன நவம்பரில் இ-சேவை மையத்தில் அம்மாவின் கைரேகை விழவில்லை. அண்டி எண்ணெய் தின்ற விரல். இரண்டு நாள் போய்த் திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் தோழர் வந்தார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, மகனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். கண்ணை ஸ்கேன் செய்யச் சொல்லி மையத்துப் பையனிடம் பேசி முடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, பையிலிருந்து சந்தா ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். அம்மா நூறு ரூபாய் கொடுத்துவிட்டுக் கட்டன் சாயா போட உள்ளே போனாள். யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ரசீதில் பேர் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்து, இந்த வளவில் இன்னும் அண்டி ஆபீஸ் பென்ஷன்காரர்கள் யார் யார் இருக்கிறார்கள், எல்லாருக்கும் சான்று கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டார்.